ஒன்பது மணி நேரத்தில் பத்து வருஷம்

"ஆய்வகச் சோதனையில் மாபெரும் வெற்றி" என்று தலைப்பு போட்ட செய்தி எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது அடியில் இருக்கும் சின்ன எழுத்துக்குத்தான். பெட்டி என்ன சைஸ்? என்ன மணல்? எவ்வளவு அழுத்தம்? எத்தனை தடவை செஞ்சு பார்த்தாங்க? இந்த நாலுக்கும் பதில் இல்லைன்னா அது அறிவியல் செய்தி இல்லை, பங்குச்சந்தையில் போடற தூண்டில்.

சமீபத்தில் நண்பர் ஒருத்தர் அப்படி ஒரு சுட்டியை அனுப்பி, "என்னய்யா, நீராவியில பாதி மிச்சமாம். உங்க ஊரு தார் மணல் தலைவலி தீர்ந்துதா?"ன்னு கேட்டிருந்தார். கால்கரியில் இருக்கிற பாவத்துக்கு ஆல்பர்ட்டாவில் ஓடற ஒவ்வொரு குழாய்க்கும் நான்தான் ஜவாப்தாரின்னு அவருக்கு நினைப்பு :-). மூணு வருஷம் ஒரு ஆய்வகத்தில் மணல் அடைச்சவன் என்கிற தகுதியில் பதிலைப் பதிவாவே போட்டுடறேன். கொஞ்சம் நீளம்தான் மக்களே, காபி எடுத்துட்டு வந்துடுங்க.

(டிஸ்கி: எந்தக் கம்பெனிக்கும் சப்போர்ட் பண்ணியோ, எந்தக் கம்பெனியையும் வாரியோ எழுதலை. 'தார் மணல்'னு சொன்னா கம்பெனிக்காரங்க முறைப்பாங்க, 'எண்ணெய் மணல்'னு சொன்னா சுற்றுச்சூழல்காரங்க முறைப்பாங்க. கையில ஒட்டிக்கிட்டா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சாலும் போகாத சாமானுக்குத் தார்னு பேர் வைக்கறதுல எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலை.)

மேட்டர் இதுதான். ஆல்பர்ட்டாவின் வடக்கே, ஃபோர்ட் மெக்மரியைச் சுற்றி அத்தபாஸ்கா மணல். எடையில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் பிட்டுமென், மீதியெல்லாம் மணலும் களிமண்ணும் கொஞ்சம் தண்ணியும். மேலாப்ல, சுமார் 75 மீட்டருக்குள்ள கிடக்கறதைத் தோண்டி, வெந்நீரில் கழுவி எடுக்கலாம். அந்த வெந்நீர் முறையை ஆய்வகத்தில் உருவாக்கிய கார்ல் கிளார்க் 1920களில் வேலையை ஆரம்பிச்சார். அதை வச்சு முதல் பெரிய ஆலை திறந்தது 1967ல். அவர் 1966 டிசம்பரிலேயே போய்ச் சேர்ந்துட்டார். நாற்பது வருஷம்! இந்த நாற்பதை ஞாபகம் வச்சுக்குங்க.

ஆனா மொத்தச் சரக்கில் எண்பது சதவீதம் தோண்ட முடியாத ஆழத்தில் இருக்கு. அங்கே நிலத்தடி வெப்பநிலை பத்துப் பன்னிரண்டு டிகிரி. அந்தக் குளிரில் பிட்டுமெனோட பாகுநிலை பத்து லட்சம் சென்டிபாய்ஸுக்கும் மேலே. தண்ணிக்கு 1. தேனுக்குச் சில ஆயிரம். அதாவது இது ஓடாது, நகராது, நின்ன இடத்திலேயே நிக்கும். அதையே 200 டிகிரிக்கு மேலே சூடாக்கினா பாகுநிலை பத்து சென்டிபாய்ஸ் பக்கம் இறங்கிடும். சமையல் எண்ணெயைவிட இளக்கம்.

சூடாக்க நீராவி எதுக்கு, வெந்நீர் போதாதான்னு கேட்பீங்க. இட்லி குண்டான்ல மூடியைத் தொட்டுச் சுட்டுக்கிட்டவங்களுக்குப் பதில் தெரியும். ஒரு கிலோ தண்ணியை பூஜ்யத்திலிருந்து நூறு டிகிரிக்குக் கொண்டுபோக ஆகற வெப்பத்தைப்போல அஞ்சு மடங்குக்கு மேல், அந்த நூறு டிகிரித் தண்ணியை ஆவியாக்க ஆகுது. நீராவி குளிர்ந்து தண்ணியாகும்போது அத்தனையையும் தொட்ட இடத்தில் கொட்டிடும். இட்லி வேகறதும் அப்படித்தான், மணல் வேகறதும் அப்படித்தான்.

இதில் சாக்டின்னு ஒரு முறை இருக்கு. இரண்டு கிடைமட்டக் கிணறு, ஒண்ணுக்கு மேல ஒண்ணு, நடுவுல அஞ்சு மீட்டர் இடைவெளி. மேல் கிணற்றில் நீராவி விட்டா அது மேலே ஏறி ஒரு அறை மாதிரி விரியும். அந்த அறையோட சரிவில் உருகின எண்ணெய் தன் எடையாலேயே வடிஞ்சு கீழ்க் கிணற்றில் சேரும். யோசனை ரோஜர் பட்லருடையது. 1927ல் இங்கிலாந்தில் பிறந்து, கனடா வந்து, 1955ல் இம்பீரியல் ஆயிலில் சேர்ந்தவர். 1978ல் கோல்டு லேக்கில் ஒரு கிடைமட்டக் கிணறு போட்டுப் பார்த்தார்கள். 1981ல் கணக்கைக் கட்டுரையாக வெளியிட்டார். வடியற வேகம் மணல் அடுக்கின் உயரத்தோட வர்க்கமூலத்துக்கும், ஊடுருவுதிறனோட வர்க்கமூலத்துக்கும் விகிதமா இருக்கும்னு சமன்பாடு சொல்லுது. சின்னச் சமன்பாடுதான். அதைச் சரிபார்க்க ஒரு பெட்டி வேணும்.

இங்கேதான் எனக்குப் பிடிச்ச பகுதி.

நான் நாகர்கோவில்காரன், அதனால புட்டுக்குழலை வச்சுத்தான் யோசிப்பேன். மணல் பெட்டியும் ஒரு புட்டுக்குழல்தான். இறுக்கி அடைச்சா ஆவி ஏறாது, தளர்த்தி அடைச்சா ஓரமா ஓட்டை போட்டுக்கிட்டு ஓடிடும். ஆனா சும்மா இருபது மீட்டர் அடுக்கை இருபது சென்டிமீட்டர் பெட்டியா சுருக்கிட்டா ஆச்சா? ஆகாது. வெப்பம் பரவுற நேரம் தூரத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. நூறு மடங்கு சின்னப் பெட்டின்னா பத்தாயிரம் மடங்கு வேகம். பத்து வருஷம்னா 87,600 மணி நேரம். பத்தாயிரத்தால வகுங்க. ஒன்பது மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு! காலையில வால்வைத் திறந்தா சாயங்காலம் ஒரு எண்ணெய் வயலோட ஆயுசே முடிஞ்சிருக்கும்.

அதுக்கு ஒரு விலை உண்டு. பெட்டி நூறு மடங்கு சின்னதாகும்போது எண்ணெய் வடியற வேகமும் வெப்பம் பரவுற வேகமும் அதே விகிதத்தில் இருக்கணும். அதுக்கு மணலோட ஊடுருவுதிறனை நூறு மடங்கு ஏத்தணும். நிலத்தடியில் அஞ்சு டார்சின்னா பெட்டியில் ஐநூறு. பெட்டி கண்ணாடி ஜன்னல் வச்சதா இருந்தா உயர் அழுத்தம் தாங்காது, அதனால நூறு டிகிரியைச் சுற்றின நீராவிதான் விட முடியும். அந்த வெப்பத்தில் பிட்டுமென் இன்னும் கெட்டி, ஆக ஊடுருவுதிறனை இன்னும் ஒரு பத்திருபது மடங்கு ஏத்தணும். கடைசியில் ஆயிரக்கணக்கான டார்சியில் வந்து நிக்கும். அப்படி ஒரு மணல் உலகத்தில் கிடையாது. அதனால ரெண்டு மூணு மில்லிமீட்டர் கண்ணாடி மணியைக் கொட்டறோம். செய்தியில் "தார் மணல் மாதிரி"ன்னு வர்றது பல நேரத்தில் கண்ணாடிக் குண்டுமணி, சார்!

இதை ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். பார்க்கவேண்டியதை அருமையா காட்டும். நீராவி அறை தலைகீழ் முக்கோணமா மேலே ஏறி, கூரையைத் தொட்டு, பக்கவாட்டில் விரியறதை ஜன்னல் வழியா கண்ணாலேயே பார்க்கலாம். தெர்மோகப்பிள் வரிசையில் ஒவ்வொண்ணா எண் ஏறும்போது மயிர்க்கூச்சம் எடுக்கும். ஆவியைக் கீழேயிருந்து விடும்போது எண்ணெய்க்குள்ள தண்ணி கலந்த பால்மம் அதிகமாறது, மேலேயிருந்து விட்டா குறையறது - இந்த மாதிரி விஷயமெல்லாம் பெட்டியில்தான் முதலில் பிடிபட்டது. ஓட்டம் ஒன்பது மணி நேரம், ஆனா தயாரிப்பு ரெண்டு மூணு வாரம். அடைக்கணும், தட்டணும், முதலில் தண்ணி ஏத்தணும், அப்புறம் சூடான பிட்டுமெனை ஏத்தி அந்தத் தண்ணியைத் தள்ளணும். முடிஞ்சதும் பெட்டியைப் பிரிச்சு, துண்டு துண்டா மணலை எடுத்து, டொலுயீன்ல கொதிக்க வச்சு, மிச்சம் எவ்வளவு எண்ணெய்னு கணக்குப் பார்க்கணும். மூணு வருஷத்துக்கு என் சட்டையெல்லாம் ரோடு போடற வாசனை.

பெட்டிக்குள்ள வராத சங்கதிகளைப் பத்தித்தான் எனக்குக் கவலை. மெக்மரி மணல் ஆறும் கழிமுகமும் போட்ட படிவு. நடுநடுவே சாய்வான களிமண் அடுக்குகள். நீராவி அதைத் தாண்ட முடியாம முட்டி நிக்கும். பெட்டியில் எல்லாம் ஒரே சீர். அடுத்தது, நிலத்தடியில் மணல் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு பல்லைக் கடிச்ச மாதிரி பூட்டிக்கிட்டிருக்கும். நீராவி அழுத்தம் ஏறும்போது அந்தப் பூட்டு விட்டு, மணல் உப்பி, ஊடுருவுதிறனே மாறும். தளர்வா கொட்டின கண்ணாடி மணிக்கு ஏது பூட்டு? சரி, அசல் மணலையே வெட்டி எடுத்துட்டு வந்து அடைச்சா? தரைக்கு வர்ற வழியிலேயே உள்ளே கரைஞ்சிருக்கிற வாயு விரிஞ்சு அதுவும் உப்பிப்போயிடும்!

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்க. அது ஒரே அரிசி, ஒரே தண்ணி, ஒரே தீ உள்ள பானைக்கு. பூமி அப்படிப்பட்ட பானை இல்லை.

கம்ப்யூட்டர் சிமுலேஷன் இருக்கே, பெட்டியே எதுக்குன்னு ஒரு கோஷ்டி உண்டு. சிமுலேட்டருக்குக் கொடுக்கிற எண்ணில் பாதி இந்தப் பெட்டியிலிருந்துதான் வருதுங்கறதை மட்டும் சொல்லிட்டு நகர்ந்துடறேன்.

இதில் ஒரு சுவாரசியம் பாருங்க. சாக்டி தந்த அதே பட்லர், இம்பீரியலை விட்டு கால்கரி பல்கலைக்கழகத்துக்கு வந்தப்புறம், 1980களின் கடைசியில் இன்னொரு யோசனையும் சொன்னார். நீராவியே வேண்டாம், புரொப்பேன் மாதிரி கரைப்பான் ஆவியை விட்டு எண்ணெயை இளக்கலாம்னு. பேர் வேபெக்ஸ். எரிவாயு எரிக்க வேண்டாம், தண்ணி வேண்டாம். ரெண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே செஞ்ச சோதனையில் வேலை செஞ்சது, மணல் பெட்டியிலும் செஞ்சது. கட்டுரை மேல கட்டுரை வந்தது. 2000களின் தொடக்கத்தில் களத்தில் போட்டுப் பார்த்தாங்க. எதிர்பார்த்த வேகம் வரலை. வணிக ரீதியா அந்த முறை நிக்கவே இல்லை. பிட்டுமெனுக்குள்ள கரைப்பான் ஊடுருவுறது, வெப்பம் ஊடுருவுறதைவிட ஆயிரம் மடங்கோ அதுக்கும் மேலேயோ மெதுவு. குண்டுமணிப் பெட்டியில் அந்த மெதுவு உறுத்தலை. நிஜ மணலில் அதுதான் ஆளைக் கொன்னுது.

ஒரே ஆள், ஒரே மாதிரிப் பெட்டி, ரெண்டு வெற்றி. ஒண்ணுதான் பூமிக்குள்ள போய்ப் பிழைச்சது. பெட்டியை மட்டும் பார்த்து எது பிழைக்கும்னு உங்களால சொல்லியிருக்க முடியுமா?

சாக்டி பிழைச்சதுக்குக் காரணம் பெட்டி இல்லை, நடுவில் ஒருத்தர் பொறுமையா செலவு பண்ணினதுதான். 1974ல் ஆல்பர்ட்டா அரசு, பீட்டர் லோகீட் முதல்வரா இருந்தப்போ, ஆஸ்ட்ரான்னு ஒரு ஆராய்ச்சி அமைப்பை ஆரம்பிச்சது. கம்பெனிகள் "கிடைமட்டக் கிணறா, விளையாடறீங்களா"ன்னு ஒதுங்கினப்போ, இவங்க அரசுப் பணத்தில் ஃபோர்ட் மெக்மரிக்கு வடமேற்கே சுரங்கமே வெட்டினாங்க. எண்ணெய் மணலுக்குக் கீழே இருக்கிற சுண்ணாம்புப் பாறையில் சுரங்கப்பாதை போட்டு, அங்கேயிருந்து மேல்நோக்கிக் கிணறு துளைச்சாங்க. 1987ல் ஆரம்பம். முதல் கட்டத்தில் மூணே ஜோடிக் கிணறு, ஒவ்வொண்ணும் சுமார் 60 மீட்டர். சுத்திலும் வெப்பமானியும் நிலம் எவ்வளவு நகருதுன்னு பார்க்கிற கருவியும் நட்டு வச்சாங்க. அது ஓடினப்புறம்தான் 500 மீட்டர் நீளத்துக்குப் போனாங்க. வணிக அளவில் ஃபாஸ்டர் க்ரீக்கில் ஆரம்பிச்சது 2001ல். பட்லர் 2005ல் காலமானார், அதைப் பார்த்துட்டுப் போனார். கிளார்க்குக்கு அது கிடைக்கலை.

அந்த நடுப்படியைத்தான் இப்போ எல்லாரும் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறாங்க. பெட்டி, அப்புறம் சிமுலேஷன், அப்புறம் நேரா முதலீட்டாளர் கூட்டம்.

குதிச்சா என்ன ஆகும்? பெட்டியில் இல்லாத ஒண்ணு மேலே மூடியிருக்கிற பாறை. 2006 மே 18ஆம் தேதி ஜோஸ்லின் க்ரீக்கில், ஆழம் குறைந்த ஒரு சாக்டி திட்டத்தில், நீராவி அந்த மூடியைப் பிளந்துக்கிட்டு மேலே வந்தது. சுமார் 125 மீட்டருக்கு 75 மீட்டர் அளவுக்கு நிலம் பெயர்ந்தது, பாறைகள் முந்நூறு மீட்டர் தூரம் பறந்தது. ஆள் சேதம் இல்லாதது அதிர்ஷ்டம். 2013ல் கோல்டு லேக் பக்கம் பிரிம்ரோஸில் வேற ரகம். அங்கே சாக்டி இல்லை, நீராவியை அழுத்தி ஊற வச்சு அதே கிணற்றில் எண்ணெய் எடுக்கிற பழைய முறை. பிட்டுமென் பால்மம் காட்டுக்குள்ளேயும் நீர்நிலையிலும் கசிஞ்சு மேலே வந்தது. 2016ல் வந்த விசாரணை அறிக்கை, அளவுக்கு மீறி நீராவி ஏத்தினதையும், கிணற்றுத் துளைகளும் இயற்கை வெடிப்புகளும் வழி விட்டதையும் காரணமாச் சொன்னது. அந்த மண்ணில் வேட்டையாடி, மீன் பிடிச்சு வாழற பூர்வகுடி மக்கள் இருக்காங்க. அவங்ககிட்ட போய் "பெட்டியில் சரியாத்தான் இருந்தது"ன்னு சொல்ல முடியுமா?

பணக் கணக்கும் இதே பெட்டியைத்தான் நம்பி ஓடுது. சாக்டியில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ரெண்டு மூணு பீப்பாய் தண்ணியை நீராவியாக்கணும். தண்ணியைப் பெரும்பாலும் திரும்பப் பிடிச்சுடறாங்க, வெப்பத்தைப் பிடிக்க முடியாது. தோராயமா ஒரு பீப்பாய்க்கு ஆயிரம் கன அடி எரிவாயு எரியும். அதிலிருந்து மட்டும் ஐம்பது கிலோவுக்கு மேலே கார்பன் டை ஆக்சைடு. விகிதம் மூணுன்னு சொல்லி அனுமதி வாங்கின திட்டம் அஞ்சில் ஓடினா, அந்த வித்தியாசம் முழுக்க வானத்துக்குத்தான் போகும். அதனால "பெட்டியில் முப்பது சதவீதம் மிச்சம்"ங்கற எண் சும்மா பெருமைக்கு இல்லை. அதை வச்சுத்தான் மானியம் கேட்கிறாங்க, கார்பன் இலக்கு போடறாங்க.

இப்போ நான் பார்த்த ஒண்ணைச் சொல்றேன். இடம், பேரெல்லாம் வேண்டாம். நீராவியோட ஒரு கரைப்பானைக் கலந்து விட்டா லாபமான்னு பார்க்க நாலு ஓட்டம் ஓட்டினோம். ரெண்டில் சீரான குண்டுமணி. ரெண்டில் பாதி உயரத்தில் மெல்லிசா களிமண் அடுக்கு வச்சோம், நிஜத்தில் இருக்கிற மாதிரி. சீரான ரெண்டில் அருமையான லாபம். களிமண் வச்ச ரெண்டில் கரைப்பான் ஆவி அடுக்குக்குக் கீழேயே தேங்கிப்போய், கலந்ததுக்கும் கலக்காததுக்கும் பெருசா வித்தியாசமே இல்லை. அறிக்கையில் வந்தது முதல் ரெண்டு மட்டும். "பிரதிநிதித்துவ ஓட்டங்கள்"னு தலைப்பு வேற! ஒரு எண்ணைக்கூட யாரும் திருத்தலை, பொய் எழுதலை. ரெண்டு வரைபடம் அலமாரியில் தூங்கப் போச்சு, அவ்வளவுதான். என்னைக் கேட்டா அந்த ரெண்டும்தான் அந்த வருஷத்தோட உருப்படியான வேலை. ஒரு கள சோதனையில் கோடிக்கணக்கில் செலவழிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டியதை, ரெண்டு மூட்டை குண்டுமணியும் ஒரு பக்கெட் களிமண்ணும் வச்சுக் கண்டுபிடிச்சிருந்தோம்.

அதனால என் கட்சி இதுதான். பொதுப் பணத்திலோ, பொது நிலத்துக்கான அனுமதி மனுவிலோ ஒரு ஆய்வக முடிவைக் காட்டினா, அந்த வரிசையில் ஓட்டின எல்லா ஓட்டத்தையும் வெளியிடணும். சொதப்பினது, கசிஞ்சது, சுவரோரமா ஓட்டை போட்டுக்கிட்டு ஓடினது, எல்லாம். "தொழில் ரகசியம் போயிடுமே"ன்னு கேட்பாங்க. எந்தக் கரைப்பான், எந்த விகிதம்ங்கறதை மறைச்சுக்கட்டும், யார் வேண்டாம்னா? எத்தனை ஓட்டம், எதில் தோத்ததுங்கறது ரகசியம் இல்லை. ஆஸ்ட்ரா தொழில்நுட்ப உரிமையைத் தானே வச்சுக்கிட்டு, கூடப் பணம் போட்டவங்களுக்கு உரிமம் கொடுத்துத்தானே சாக்டியை வளர்த்தது? யாரும் திவாலாகலை.

களத்தில் இதைப் பாதி ஏற்கெனவே செய்யறாங்கங்கறதுதான் வேடிக்கை. நீராவி விட்டு எடுக்கிற திட்டங்கள் ஆல்பர்ட்டா ஒழுங்குமுறை அமைப்புக்கு வருஷா வருஷம் செயல்பாட்டு அறிக்கை கொடுக்கணும், அதை யார் வேணா படிக்கலாம். எந்தக் கிணற்று வரிசை எவ்வளவு நீராவி குடிச்சுது, எவ்வளவு எண்ணெய் கக்குச்சுன்னு படத்தோட இருக்கும். தூக்கம் வராத ராத்திரிக்கு நல்ல மருந்து, ஆனா நேர்மையான மருந்து. கிணற்றுக்கு இருக்கிற இந்த ஒழுங்கு பெட்டிக்கு ஏன் இல்லைங்கறேன்.

நண்பர் கேட்ட கேள்விக்கு நேர்ப் பதிலும் ஒண்ணு இருக்கு. நீராவியோட கரைப்பானைக் கலக்கிற யோசனையை ஆல்பர்ட்டா ஆராய்ச்சி மன்றத்து ஆய்வகத்தில் 1990களின் கடைசியிலிருந்து துருவிக்கிட்டிருந்தாங்க. கோல்டு லேக்கில் கிராண்டு ரேப்பிட்ஸ் அடுக்கில் வணிக அளவில் அது எண்ணெய் எடுக்க ஆரம்பிச்சது 2024ல். கிளார்க்கோட நாற்பது வருஷம் இல்லைன்னாலும் கால் நூற்றாண்டு ஆச்சு. நீராவி குறையும்ங்கறதில் எனக்கு ரொம்பச் சந்தேகம் இல்லை. ஆனா கரைப்பான் தண்ணி இல்லை, காசு. உள்ளே விட்டதில் எவ்வளவு திரும்பி வருது, எவ்வளவு களிமண் அடுக்குக்குக் கீழே மாட்டிக்குதுங்கறதை ஒன்பது மணி நேர ஓட்டம் சொல்லாது. அந்தத் திட்டத்தோட அறிக்கைகளில் நாலஞ்சு வருஷத்துக் கணக்கு சேரட்டும். நான் முதலில் புரட்டப்போறது எண்ணெய் எவ்வளவுங்கற பக்கத்தை இல்லை, கரைப்பான் எவ்வளவு திரும்பி வந்ததுங்கற பக்கத்தை.